யாரை உட்கார வைப்பது

ஷார்ஜா முவைலாவில் ஒரு வாலிபால் அணிக்குக் கோச்சாக இருக்கும் தம்பி ஒருவர் எனக்கு அடிக்கடி வாட்ஸப்பில் வீடியோ அனுப்புவார். போன வாரம் அனுப்பியதோடு ஒரு கேள்வியும் வந்தது. இறுதிப்போட்டிக்குப் பழைய செட்டரை இறக்கலாமா, புதிதாக வந்திருக்கும் ஆளை இறக்கலாமா, உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள் காக்கா என்று. எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். நான் வாயைத் திறப்பதற்குள் குரூப்பில் இருந்த மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தள்ளிவிட்டார்கள். அனுபவம்தான் பேசும் என்றார் ஒருவர். இளரத்தம் வேண்டும் என்றார் இன்னொருவர். நான் தட்டெழுதியதை அழித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவர் கேட்டது விளையாட்டைப் பற்றி மட்டும் என்றால் இரண்டு வரியில் பதில் சொல்லியிருப்பேன். நான் ஷார்ஜாவில் கோச்சாக இருந்த காலத்தில் அந்தக் கேள்வி விளையாட்டைப் பற்றியதே அல்ல. இப்போது கம்பெனிகள் டோர்னமென்ட் வந்தால் வெளியிலிருந்து ஆட்களை வரவழைக்கின்றன, விளையாடி முடித்ததும் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுகின்றன. ஈவிரக்கம் இல்லாத ஏற்பாடு என்று பழைய ஆட்கள் குறை சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் காலத்து ஏற்பாட்டில் ஈவும் இரக்கமும் நிறைய இருந்தன. அவை யாரை என்ன செய்தன என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. ஆள் குட்டை என்பதால் வலைக்கு மேலே அடிக்கிற வேலைக்கு என்னை யாரும் சேர்க்கவில்லை, செட்டராக நிறுத்தினார்கள். வாலிபால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எதிரணி அடிக்கும் பந்தை ஒருவர் எடுத்துக் கொடுப்பார். இரண்டாவதாக அதைத் தொடுகிறவர் செட்டர். யாருக்கு, எவ்வளவு உயரத்தில், எந்த நேரத்தில் தூக்கிக் கொடுப்பது என்று முடிவு செய்வது அவர்தான். மூன்றாவதாக ஒருவர் குதித்து அடிப்பார், கைத்தட்டல் அவருக்குப் போகும். ஆறு பேரில் மூளை செட்டர். நான் மாவட்ட அளவு வரை விளையாடினேன், பிறகு கோச்சுக்கான பயிற்சி முகாமுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினேன், அதை வைத்துக்கொண்டு ஊரில் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்ததும் குவைத் போனேன். ஃபர்வானியாவில் மச்சானின் மளிகைக்கடையில் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, லீவு நாட்களில் மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். அங்கே என்னைப் பார்த்த ஒருவர் மூலமாக ஷார்ஜா தொழில்பேட்டையில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் கம்பெனிக்கு வந்தேன். விசாவில் ஸ்டோர்கீப்பர், மாலையில் கோச். வேலையை விட்டு ஊர் திரும்பும்வரை இந்த இரண்டுதான் நான்.

கம்பெனியின் முதலாளிக்கு வாலிபால் என்றால் உயிர். அர்பாப் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வோம். இறுதிப்போட்டிக்கு மட்டும் வருவார், முன்வரிசையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பார், கப்பைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார். அவருடைய இந்த ஆசையை நம்பித்தான் எங்கள் அணியே இருந்தது. ஆட்கள் வந்ததெல்லாம் பிளேயர் விசாவில். அரசாங்கத்தில் அப்படி ஒரு விசா கிடையாது, நாங்கள் வைத்துக்கொண்ட பெயர். காகிதத்தில் ஹெல்பர், டிரைவர், கொத்தனார் என்று எது வேண்டுமானாலும் இருக்கும். விளையாடுகிறவனுக்கு ஃபாக்டரிக்குள்ளேயே நிழலில் டியூட்டி. நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் கடைசி அறை, அந்த அறையில்தான் ஏ.சி. ஒழுங்காக ஓடும். மாலையில் பிராக்டிஸுக்கு முன்னதாகவே விட்டுவிடுவார்கள்.

விளையாடாதவனுக்கு என்ன என்பதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு முக்கியமான ஆட்டத்தில் ஒருவரைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். கால் பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் ஓய்வு கொடுக்கலாம் என்று நல்லெண்ணத்தில் செய்தது. மறுநாள் விடிவதற்குள் சைட்டுக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர் வந்து அந்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார். கட்டடத்தின் வெளிப்புறத்தில் தொங்கிக்கொண்டு கண்ணாடி மாட்டுகிற வேலை. நான் ஓடிப்போய், அவருக்குக் கால் வலி என்றுதானே உட்கார வைத்தேன் என்று கத்தினேன். டிரைவர் ஒரு பட்டாணி, பாகிஸ்தான்காரர். "மை க்யா கரூங் பாய், நாம் ஆயா ஹை" என்றார். பெயர் வந்துவிட்டது, அவ்வளவுதான். யார் அனுப்பிய பெயர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ஒருவனை உட்கார வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பஸ் ஞாபகம் வரும். பந்தை எடுக்கத் தெரியாதவனையும் கடைசியில் இரண்டு புள்ளிக்காவது இறக்கிவிடுவேன். அதைப் பார்த்து என் ஆட்டத் திட்டம் புரியவில்லை என்று மற்ற கோச்சுகள் சிரிப்பார்கள்.

பெயர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இல்லை. எங்கள் அட்மின் மேனேஜர் ஜெயக்குமார் சாரிடமிருந்து. மெட்ராஸ்காரர். அவரைப் போல மரியாதையான மனிதரை நான் கல்ஃபில் பார்த்ததில்லை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும். நீங்கள் நின்றால் அவரும் எழுந்து நிற்பார், நீங்கள் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். பால் சேர்க்காத சுலைமானி டீ வரவழைத்து, கிளாஸின் பிடி உங்கள் பக்கம் இருக்கும்படித் திருப்பி வைப்பார். என் மூன்று பெண்களின் பெயரும், யார் எந்த வகுப்பு என்பதும் அவருக்கு மனப்பாடம். குரலை உயர்த்த மாட்டார். 'இப்படிச் செய்யுங்கள்' என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வராது. "நீங்கதானே கோச். நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பார். நான் ஏதாவது சொல்வேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடக்கி மேஜையில் வைப்பார். கண்ணாடி மேஜைக்கு வந்துவிட்டால் சொன்னது பிடிக்கவில்லை என்று அர்த்தம், வேறு சொல்ல வேண்டும். அவர் மனதில் இருப்பதை நானே என் வாயால் சொல்லும்வரை இது நடக்கும். சொல்லி முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்து அறை அக்கவுண்டன்டைக் கூப்பிட்டு, "காதர் பாய் இப்படி முடிவு பண்ணிருக்கார்" என்று அவர் காதில் போடுவார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அது ஜெயக்குமார் சாரைப் பார்த்துச் சொன்னது.

யோகன் எங்களிடம் வந்தது அவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்த வயதில். யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கம். அந்தப் பக்கத்தில் வாலிபால் விளையாடாத ஆம்பிளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நான் செட்டர்களைத் தேர்வு செய்ய ஒரு வழி வைத்திருந்தேன். ஃபாக்டரியின் பின்புறம், பெயின்ட் அடிக்கிற ஷெட்டுக்கு அப்பால் எங்கள் மைதானம். முதலில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும், கயிறு கட்டிக் கோடு பிடிக்க வேண்டும். வலையின் உயரத்தைப் பார்க்க எங்கள் ஃபாக்டரியிலேயே அளவாக வெட்டிய அலுமினியக் குழாய் ஒன்று என்னிடம் இருந்தது, அதை நடுவிலும் இரண்டு ஓரத்திலும் நிறுத்திப் பார்த்த பிறகுதான் பந்தை வெளியே எடுப்பேன். பிறகு செட்டருக்குப் பின்னால் நின்றுகொள்வேன். ஒருவர் பந்தைப் பாஸ் செய்வார். பந்து செட்டரின் கைக்கு வருவதற்கு முன்பே, அது எந்தப் பக்கம் போகப்போகிறது என்று அவர் தோளைப் பார்த்து நான் கண்டுபிடிக்க முயல்வேன். பெரும்பாலோரின் தோள் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். எனக்குத் தெரிந்தால் எதிரணியில் வலையருகே கை தூக்கிக் குதித்துப் பிளாக் போடுகிறவனுக்கும் தெரியும்.

யோகனின் தோளில் நான் ஒருநாளும் எதையும் படித்ததில்லை. பந்து கையில் படும்வரை அவர் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவரைப் போல நின்றுகொண்டிருப்பார். பந்து எங்கே போனது என்று நான் தெரிந்துகொள்ளும்போது அடிப்பவன் அடித்து முடித்திருப்பான். அவர் இருந்த வருடங்களில் நாங்கள் வாங்கிய கப்புகளை வைக்க அர்பாப் புது அலமாரி செய்தார்.

ஆனால் முழங்காலுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு குளிர்காலத்தில் யோகன் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிப்பதைப் பார்த்தேன். அதற்கடுத்த வருடம் வலையில் குதிப்பது குறைந்தது. எதிரணிக்காரர்கள் யோகன் நிற்கும் பக்கமாகவே அடிக்கத் தொடங்கினார்கள், அவர் தலைக்கு மேலே பந்து போவதற்கு நல்ல இடம் இருந்தது. அந்த வருடம்தான் நவீன் வந்தான். சேலம் பக்கம், கல்லூரி அணிக்கு விளையாடியவன், என்னை விட ஒன்றரை ஆள் உயரம். கை என்றால் கை, அப்படி ஒரு வேகமான கையை நான் பார்த்ததில்லை. செட் செய்வான், தேவைப்பட்டால் தானே குதித்து அடிப்பான், பிளாக்கில் சுவர் போல நிற்பான். தோள் மட்டும் பேசிக்கொண்டே இருக்கும். இடது தோள் ஒரு துளி இறங்கினால் பந்து பின்னால் போகப்போகிறது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆறு மாதம் கொடுத்தால் சரிசெய்யலாம். இறுதிப்போட்டிக்கு ஆறு மாதம் இல்லை.

கேம்ப் முழுவதும் இதே பேச்சானது. சமையலறையில், குளிக்கிற வரிசையில், ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்புத் தேடுகிற இடத்தில் எல்லாம் யோகனா நவீனா. வாலிபாலைத் தொட்டே பார்க்காத வெல்டர்கள் எனக்கு யோசனை சொன்னார்கள். மாரிமுத்துவும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவான். மாரிமுத்து சாத்தூர்க்காரன், எங்கள் அணியில் செட்டருக்கு எதிர்மூலையில் நிற்கும் அட்டாக்கர். சத்தம் போட மாட்டான், புள்ளி எடுத்தால் நெஞ்சில் தட்டிக்கொள்ள மாட்டான். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவனுக்குரியதை எடுத்துக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் வலையைச் சுருட்டிக் கட்டுவான். அவனைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஒருநாள் ஜெயக்குமார் சார் கூப்பிட்டார். சுலைமானி வந்தது. பெண்களின் படிப்பை விசாரித்தார். பிறகு, இந்த வருடம் ஆட்களைக் குறைக்கச் சொல்லி மேலிடத்தில் கேட்கிறார்கள் என்றார். யோகனுக்கு விசா முடிகிறது, நவீனுக்கு இனிமேல்தான் அடிக்க வேண்டும். இரண்டு செட்டருக்கு இடம் இல்லை.

"நான் எதுவும் சொல்ல மாட்டேன் காதர் பாய். ஃபைனல்ல யாரை இறக்குறீங்களோ, அவரை வெச்சுக்குவோம். உங்க டீம், உங்க முடிவு."

அவர் மனதில் இருந்தது நவீன் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அதை அவரே சொல்லட்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். யோகன் என்று சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி மேஜைக்கு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அன்று பிராக்டிஸ் முடிந்ததும் யோகன் என்னிடம் வந்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. முழங்காலில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக் கட்டியிருந்தார்.

"அண்ணை, என்னை இறக்குங்கோ எண்டு நான் கேக்க மாட்டன். பெடியன் நல்லா விளையாடுறான், எனக்குத் தெரியும். மகள் வாற வருசம் ஏ.எல். சோதினை எழுதுறாள், அது மட்டும்தான் யோசினை. இருத்திறதெண்டா எனக்கு முதல் சொல்லிப்போடுங்கோ. மனுசிக்கு நானே சொல்லோணும்."

இப்படிப் பேசாமல் அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நவீனும் மறுநாள் வந்தான். அவன் கேட்டதிலும் தப்பு இல்லை. "கோச், யோகண்ணா பெரிய பிளேயர்தான், இல்லன்னு சொல்லல. அப்புறம் என்னை எதுக்கு வரச் சொன்னீங்க? ஊர்ல பி.டி. வாத்தியார் வேலைய விட்டுட்டு வந்திருக்கேன்" என்றான். அவனைத் தேர்வு செய்தவனும் நான்தான். யோகனைத் தேர்வு செய்தவனும் நான்தான்.

விளையாட்டாக மட்டும் பார்த்தால் முதலில் என் மனதில் சந்தேகம் இல்லை. எதிரணியில் பிளாக் போடுகிற இரண்டு பேரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், நவீனின் தோளை முதல் செட்டிலேயே படித்துவிடுவார்கள். யோகனை இறக்க வேண்டும். ஆனால் யோகன் வலைக்கு முன்னால் வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஓட்டை. அதற்கு நவீன் வேண்டும். இப்படியே புரண்டு புரண்டு யோசித்தபோதுதான் அந்தப் பழைய முறை நினைவுக்கு வந்தது. இரண்டு செட்டரையும் ஒரே நேரத்தில் இறக்குவது. இப்போது பெரிய அணிகள் அவ்வளவாக ஆடுவதில்லை. எதிரெதிர் மூலைகளில் இரண்டு செட்டர்கள் நிற்பார்கள். ஆட்கள் இடம் சுழலச் சுழல, ஒருவர் முன்வரிசைக்கு வரும்போது மற்றவர் பின்னால் இருப்பார். பின்னால் இருப்பவர்தான் ஓடிவந்து செட் செய்வார். யோகன் பின்னால் இருக்கும்போது அவர் செட் செய்ய, முன்னால் நிற்கும் நவீன் அடிப்பான், பிளாக் போடுவான். நவீன் பின்னால் போனால் அவன் செட் செய்வான். அப்போது முன்னால் இருக்கும் யோகன் அடிக்கப்போவது போலக் கிளம்பி எதிரணியை ஏமாற்றினால் போதும். இருவருமே இறங்குகிறார்கள். ஃபைனலில் இறங்கியவனுக்கு விசா என்று ஜெயக்குமார் சார் அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். சொன்ன சொல்லிலேயே அவரைக் கட்டிப்போட்டுவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாழ்க்கையில் அவ்வளவு புத்திசாலியாக என்னை நான் உணர்ந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

மீதி இருந்த நாட்களில் அதையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்தோம். முதலில் ஒரே குழப்பம். பின்னாலிருந்து ஓடிவருகிறவர் பாஸ் எடுப்பவர் மேல் மோதுவார், யார் பந்து என்று கத்த வேண்டியிருக்கும். யோகன்தான் அதைச் சரி செய்தார். சர்வீஸ் கிளம்பும் முன்பே எந்த வழியாக ஓடுவது என்று தரையில் காலால் கோடு கிழித்து நவீனுக்குக் காட்டினார். இரண்டாவது செட்டருக்கு அட்டாக்கர்களில் ஒருவருடைய இடம் வேண்டும். அந்த முறையில் அது எதிர்மூலைக்காரனின் இடம்தான், வேறு இடத்தில் கை வைக்க முடியாது. மாரிமுத்துவைக் கூப்பிட்டு, ஃபைனலில் கொஞ்சம் உட்காரு, தேவைப்பட்டால் இறக்குகிறேன் என்றேன். ஏன் என்றுகூட அவன் கேட்கவில்லை. "செயிச்சாச் சரி பாய்" என்று சொல்லிவிட்டு வலையைச் சுருட்டப் போய்விட்டான்.

யாரை உட்கார வைத்தாலும் பஸ் ஞாபகம் வருகிறவன் நான் என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்று வரவில்லை. மாரிமுத்து இத்தனை வருடம் எல்லா ஆட்டமும் ஆடியவன், அவன் மேல் யார் கை வைப்பார்கள் என்று நினைத்ததாகப் பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்படிக்கூட நினைக்கவில்லை. யோகனும் நவீனும் என் தலைக்குள் இருந்த இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இறுதிப்போட்டி ஒரு வெள்ளிக்கிழமை மாலை நடந்தது. அர்பாப் முன்வரிசையில், அவருக்குப் பக்கத்தில் ஜெயக்குமார் சார். முதல் செட்டில் நாங்கள் இரண்டு செட்டருடன் நிற்பதைப் பார்த்து எதிரணிக் கோச் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த செட்டைத் தோற்றோம். நவீன் பின்வரிசையிலிருந்து ஓடிவந்து கொடுத்த பந்தையெல்லாம் நான் பயந்தது போலவே அந்த இரண்டு பேரும் படித்துப் படித்துத் தடுத்தார்கள். இரண்டாவது செட்டில் யோகன் ஒரு காரியம் செய்தார். நவீன் செட் செய்யும் முறை வரும்போதெல்லாம் வலையில் அவனுக்கும் எதிரணிக்கும் நடுவில் போய், அவன் தோள் தெரியாதபடி மறைத்துக்கொண்டு கிளம்பினார். அந்த முழங்காலோடு, கிடைக்காத பந்துக்காக ஒவ்வொரு முறையும் குதித்தார். எதிரணிக்காரர்கள் குழம்பினார்கள். யோகன் பின்னால் போனபோது நவீன் அடித்த அடியில் கேம்ப் ஆட்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள். அடுத்தடுத்து மூன்று செட்டையும் எடுத்துக் கப்பை வாங்கினோம். பெஞ்சில் இருந்த மாரிமுத்துவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அவனை இறக்க வேண்டிய தேவை வரவில்லை.

அடுத்த வாரம் ஜெயக்குமார் சார் என்னைக் கூப்பிட்டார். எழுந்து நின்று கைகொடுத்தார். சுலைமானியின் பிடி என் பக்கம் திரும்பியது. அப்படி ஒரு யோசனை தனக்கு வந்திருக்காது என்று மனதாரப் பாராட்டினார். யோகனுக்கும் நவீனுக்கும் விசாவுக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

"ஆள் குறைக்கணும்ங்கிறது மட்டும் அப்படியே இருக்கு, இல்லையா" என்றார். "ரெண்டு செட்டர் வேணும்னு காட்டிட்டீங்க. அப்போ அந்த மாரிமுத்து இடம் தேவையில்லாம ஆயிடுது. அவருக்கும் இந்த மாசம்தான் விசா முடியுது."

நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார் என்றேன்.

"வாயால சொல்லல காதர் பாய். கோர்ட்டுல சொல்லிட்டீங்க. அர்பாபே பார்த்தார்."

கண்ணாடியைக் கழற்றவே இல்லை. கழற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. அக்கவுண்டன்டைக் கூப்பிட்டு, காதர் பாய் இனிமேல் இரண்டு செட்டரை வைத்துத்தான் ஆடப்போகிறார், மாரிமுத்துவுக்குக் கேன்சல் பேப்பர் தயார் செய்யுங்கள் என்றார். அந்த அறையில் நான் இருக்கும்போதே என் பெயரில் அது நடந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

அர்பாபின் காருக்கு அருகில் காத்திருந்து பேசிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அரபியில் மாரிமுத்து, விசா, ஹராம் என்று என்னென்னவோ சொன்னேன். தோளில் தட்டி, அதெல்லாம் மேனேஜரிடம் பேசு என்று சொல்லிவிட்டு, புதுக் கப்பை அலமாரியில் எந்தத் தட்டில் வைக்கலாம் என்று கேட்டார். மேல்தட்டில் என்று நானும் பதில் சொன்னேன்.

யோகன் வந்தார். "அண்ணை, அப்ப அவனுக்குப் பதிலா நான் போறன் எண்டு சொல்லட்டோ?" என்றார். நான் ஸ்டோர் கணக்கைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். மேனேஜர் அறைக்கு அவர் போகவில்லை, போகச் சொல்லி நானும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். நவீனைக் கேம்ப்பைப் பார்த்துக்கொள்கிற கேம்ப் பாஸ் கடைசி அறைக்கு மாற்றினார். மாரிமுத்து இன்னும் பெட்டி கட்டி முடிக்கவில்லை, அதற்குள் அவன் கட்டிலில் நவீனின் பை இருந்தது. அந்தப் பையனையும் என்ன சொல்ல, போகச் சொன்ன இடத்துக்குப் போனான். நான் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கேம்ப் முழுவதும் சுற்றினேன். கடைசியில் சமையல்காரரிடம் சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போட்டேன்.

மாரிமுத்து போகிற அன்று கேம்ப் வாசலில் அவனோடு நின்றேன். விமான நிலையத்துக்கு வேன் வர வேண்டியிருந்தது. அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டி மேலே பெயரும் ஊரும் எழுதியிருந்தான். ஊரில் போய் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். தீப்பெட்டி ஆபீஸில் மாமா இருக்கிறார் என்றான்.

"பாய், ஒண்ணு கேக்கலாமா?" என்றான்.

கேள் என்றேன். மேனேஜரைத் திட்டப்போகிறான், நானும் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன்.

"கேம்ப்பு பூராம் யோகண்ணனா நவீனான்னுதான பேச்சு ஓடுச்சு. நானுந்தான் உக்காந்து பேசுனேன். யோகண்ணனுக்குத்தான் கெடைக்கணும்னு சொன்னேன். இதுல எம் பேரு எப்ப பாய் வந்துச்சு?"

அவன் பெயர் வரவே இல்லை. ஒருமுறையாவது வந்திருந்தால் யாராவது ஒருத்தர் அவனுக்காக ஒரு வார்த்தை பேசியிருப்போம். அதை அவனிடம் சொல்லாமல், மேனேஜரைப் பற்றி, ஆள் குறைப்பைப் பற்றி ஏதோ சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேன் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனான்.